தினமும் வருகிற மாஸ்டர்

சிம்ராஹா
3 ஜூலை 1995

மாஸ்டர் சாகிபுக்கு வணக்கம்.

இதை எழுதுவது ரஞ்சு. பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். போன ஏப்ரலில் என் அண்ணன் நவலும் அவருடைய ஆட்களும் உங்களைப் பள்ளிக்கூட வாசலிலிருந்து ஜீப்பில் தூக்கி வந்து, சிவன் கோயிலில் துப்பாக்கியைக் காட்டி ஒரு பெண்ணின் வகிட்டில் செந்தூரம் வைக்கச் சொன்னார்களே, அந்தப் பெண்.

உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. முக்காட்டுக்குள்ளிருந்து கை மட்டும்தான் தெரிந்தது. நகக்கண்ணில் சாக்பீஸ் தூள் இருந்தது. என் வகிட்டில் செந்தூரத்தோடு வெள்ளையும் கலந்திருந்தது என்று அண்ணி பிறகு சொன்னாள். அப்புறம் இரண்டு நாள் உங்களை மாடியறையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்கள். நான் மேலே வரவில்லை. வரச் சொன்னபோது காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையை இப்படித் தூக்கி வந்து கல்யாணம் செய்துவைப்பது எங்கள் பக்கம் புதிதில்லை. அண்ணி என்னைத் தேற்றுகிறாள்: "முதல்ல எல்லா மாப்பிள்ளையும் முறுக்கிக்கிட்டுதான் நிப்பான்டி. ரெண்டு வருஷத்துல தானா வந்து குழம்புல உப்பு இல்லைன்னு சண்டை போடுவான் பாரு."

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நீங்கள் ஏன் வாத்தியார் வேலைக்கு வந்தீர்கள்? உங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு அண்ணன் சொன்ன காரணம், அரசாங்க வேலை, போகாவிட்டாலும் சம்பளம் வரும் என்பது. ஆனால் குசும்பியில் நீங்கள் மழையிலும் தினமும் வருகிறீர்கள் என்கிறார்கள். அண்ணனின் ஆட்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். "புது மாடு, அதான் துள்ளுது. தெளிஞ்சிடும்" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதில் எழுதினால் வளையல்காரி ஜுபைதாவிடம் கொடுங்கள். இரண்டு ஊரிலும் வீடு வீடாகப் போய் வளையல் விற்கிறவள். படிக்கத் தெரியாது.

ரஞ்சு


குசும்பி
12 ஜூலை 1995

ரஞ்சு குமாரிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜுபைதா சன்னல் வழியாக நீட்டினாள். யாரோ துப்பாக்கியை நீட்டுகிறார்கள் என்று நினைத்து நான் ஒதுங்கியதைப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்தார்கள்.

ஏன் வாத்தியார் வேலைக்கு வந்தேன் என்று கேட்கிறீர்கள். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல உங்கள் அண்ணன் என் வேலையைப் பார்த்தார், பிடித்திருந்தது, கட்டி இழுத்து வந்தார். இப்போது நீங்கள் அந்த மாட்டிடம் வந்து ஏன் மாடானாய் என்று கேட்கிறீர்கள்.

நடந்தது கல்யாணம் இல்லை. அந்தச் செந்தூரத்தை அழித்துவிடுங்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, வேறு எதுவும் இல்லை. இனி எழுத வேண்டாம்.

அம்ரேஷ் சிங்


சிம்ராஹா
25 ஜூலை 1995

மாஸ்டர் சாகிபுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். நேரில் என்றால் என்னால் ஒரு வார்த்தை பேச முடியாது.

அழித்துவிடுங்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். உங்களுக்கு அது கையில் ஒட்டிய தூள், பம்படியில் கழுவினால் போய்விடும். நான் அழித்தால் ஊர் கண்ணுக்கு நான் விதவை. அன்றைக்குக் காலையில்தான் என்னைக் கூப்பிட்டுத் தலைக்குக் குளிக்கச் சொன்னார்கள். யாருக்கு என்ன என்று கேட்டதற்கு, "உனக்குத்தான், வேற யாருக்கு" என்று அண்ணி மஞ்சள் கிண்ணத்தைக் கையில் கொடுத்தாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். என் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி இல்லை, அதனால் நான் சம்மதித்தேன் என்று நினைத்துவிட்டீர்கள் போல.

நான் ஏழாவதோடு நின்றவள். யாரும் நிறுத்தவில்லை, பள்ளிக்கூடம்தான் நின்றது. எங்கள் வாத்தியார் கொடியேற்றுகிற நாட்களில் மட்டும் வருவார், லட்டு கொடுப்பார், போய்விடுவார். பிறகு அதற்கும் வரவில்லை. காலியாகத்தானே கிடக்கிறது என்று அண்ணன் அதில் வைக்கோல் அடைத்தார். இப்போதும் அது எங்கள் வைக்கோல் அறைதான். கதவில் "நடுநிலைப் பள்ளி" என்று இன்னும் எழுதியிருக்கிறது. மாடுகளுக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் சந்தோஷப்படும்.

நான் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டேன் என்றால், சின்ன வயதில் எனக்கும் வாத்தியாராக ஆசை இருந்தது. நான்கு பேர் முன்னால் நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் வாத்தியார் ஒருவர்தான் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கலாம். அவர் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள், எழுத்தைத்தான் பார்ப்பார்கள். அது எனக்குப் போதும் என்று தோன்றியது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

இன்னொன்று. அண்ணன் உங்கள் அப்பாவிடம் ஆள் அனுப்பினார். உங்கள் அப்பா, "எந்தப் பொண்ணு? என் பையன் அன்னைக்கு முழுக்க என் பக்கத்துல உக்காந்து மீன் சாப்பிட்டுக்கிட்டு இருந்தான்" என்றாராம். அண்ணன் சிரித்தார். இப்படி மறுக்காத மாமனார் எங்கே இருக்கிறார் என்றார். தீபாவளி கழிந்து சட் பூஜை முடிந்ததும் என்னை ஜீப்பில் ஏற்றி, ஆட்களோடு போய் உங்கள் வீட்டு முற்றத்தில் இறக்கிவிட்டு வரப் போகிறார்கள். அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ரஞ்சு


குசும்பி
9 ஆகஸ்ட் 1995

ரஞ்சுஜி,

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த ஜீப்பில் நீங்கள் ஏறக் கூடாது. ஏன் என்று சொல்லாமல் சொன்னால் நீங்கள் கேட்கப் போவதில்லை, சொன்னாலும் உங்கள் பேச்சை அங்கே யார் கேட்பார்கள் என்பது வேறு. இதைப் படித்ததும் அடுப்பில் போடுங்கள்.

அந்தப் பெரியவர் பொய் சொல்லவில்லை. அம்ரேஷ் சிங் அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து மீன்தான் சாப்பிட்டிருப்பார். நான் அம்ரேஷ் சிங் இல்லை. என் பெயர் பிசுன் மாஞ்சி. நீங்கள் தொடாத முசஹர் சாதி. என் அப்பா அவர்கள் நிலத்தில் உழைத்துச் செத்தார், அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

வேலை அம்ரேஷ் பாபுவுக்குத்தான் வந்தது. அவருக்குப் பாட்னாவில் கான்ட்ராக்ட் வேலைகள், இங்கே வந்து உட்கார முடியாது. எங்கள் சேரியில் பத்தாவது தேறியவன் நான் ஒருவன். கூப்பிட்டார். "குசும்பியில என்னையும் தெரியாது, உன்னையும் தெரியாது. நீ போய் நானா இரு. பேரைக் கேட்டா என் பேரைச் சொல்லு. சாதி அதுக்குள்ளேயே இருக்கு" என்றார்.

அப்படி வந்தேன். இங்கே ஊர்த் தலைவர் வீட்டு வெளியறையில் தங்கி, அவர் வீட்டுத் தட்டில் சாப்பிடுகிறேன். உங்கள் அண்ணன் அம்ரேஷ் சிங்கின் கோத்திரம், நிலம், தாய்மாமன் வரை விசாரித்தார் என்று அந்த மாடியறையில் கேட்டேன். முகத்தை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை. கோயிலில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களா? என்னைத் தொட்டுத் தூக்கியதற்காகவே சுட்டிருப்பார்கள். விஷயம் தெரிந்ததும் அம்ரேஷ் பாபு சொன்னதும் அதுதான்: "வாயைத் திறந்தா முதல்ல நீ. உன்னை என் பேர்ல அவங்க தட்டுல சாப்பிட வெச்சதுக்கு அடுத்தது நான்."

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகள் மேல் அன்பு என்று எழுத ஆசைதான். அது உண்மையில்லை. நான் படித்த பள்ளியில் செருப்பு விடுகிற இடத்தில் எனக்கு இடம். கரும்பலகை துடைக்கிற முறை எல்லாப் பையன்களுக்கும் வரும், எனக்கு வராது. ஒருநாள் யாரும் இல்லாதபோது துடைத்துவிட்டேன். மறுநாள் அதைச் சாணி போட்டுக் கழுவினார்கள், என்னை நிற்க வைத்து.

குசும்பியில் முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். யார் வருகிறார்கள் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் மழையிலும் போகிறேன். என் காரணம் அவ்வளவு பெரியது இல்லை.

இப்போது என் உயிர் உங்கள் கையில். நீங்கள் என்ன செய்தாலும் அதில் நியாயம் இருக்கும்.

பிசுன்


சிம்ராஹா
20 செப்டம்பர் 1995

இந்தக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மாஸ்டர் சாகிப் என்று எழுதினால் கை நிற்கிறது, உங்கள் பெயரை எழுதவும் வரவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று தலையைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். மறைக்காமல் சொல்கிறேன். அறுவடைக்கு வரும் முசஹர்களுக்குத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வீட்டில் என் வேலை. செம்பை உயரத் தூக்கி ஊற்றுவேன், அவர்கள் கை என் மேல் படாமல். நன்றாக ஊற்றுகிறாய் என்று அம்மா இருந்தபோது மெச்சுவாள். அந்தக் கை என் தலையில் என்று நினைத்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அண்ணி மசக்கையோ என்று கேலி செய்யப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். மூன்றாம் நாள் செந்தூரத்தை மறுபடி வைத்துக்கொண்டேன், வைக்காவிட்டால் கேள்வி வரும்.

பிறகு கோபம் வந்தது. உங்கள் சாதிக்காக இல்லை. அண்ணன் உங்கள் மேல் துப்பாக்கி வைத்தார், நீங்கள் என் மேல் ஒரு பொய்யை வைத்தீர்கள். இரண்டு பேரும் என்னைக் கேட்கவில்லை. உங்களுக்கு வேறு வழி இல்லை என்று தெரியும். தெரிந்தும் கோபம்தான்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன். ஏன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். நான் கேட்ட ஒரு கேள்விக்கு இதுவரை யாரும் முழுசாகப் பதில் சொன்னதில்லை. நீங்கள் சொன்னீர்கள், உயிர் போகும் என்று தெரிந்தும்.

இப்போது செய்ய வேண்டியதை எழுதுகிறேன். அம்ரேஷ் சிங்காக அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பங்குனியில் ஹோலி முடிந்ததும் தானே வந்து அழைத்துப் போவதாகவும், அதுவரை அப்பாவிடம் ஆள் அனுப்ப வேண்டாம் என்றும் எழுதுங்கள். மாப்பிள்ளை தானாக வருகிறேன் என்றால் அண்ணன் ஜீப்பை எடுக்க மாட்டார், அது அவருக்குப் பெருமை. அதற்குள் நீங்கள் போய்விடுங்கள். எங்கே என்று எனக்குச் சொல்லாதீர்கள். எனக்குத் தெரியாததை யாரும் அடித்து வாங்க முடியாது.

ரஞ்சு


குசும்பி
2 அக்டோபர் 1995

ரஞ்சுஜி,

நீங்கள் சொன்னபடி எழுதியிருக்கிறேன். கீழே இருப்பதைக் கிழித்து, தபாலில் வந்ததாகக் கொடுங்கள். ஹோலிக்குப் பிறகு உங்கள் கதி என்ன என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கத் துணியாமல் இதை எழுதுகிறேன், அது என் கோழைத்தனம்.

இந்தப் பொட்டலத்தில் ஒரு சாக்பீஸ் இருக்கிறது. உங்களுக்குக் கொடுக்க என்னிடம் வேறு எதுவும் சொந்தமாக இல்லை. இதுகூட அரசாங்கத்துடையதுதான்.

பிசுன்

*மதிப்பிற்குரிய நவல் பாபு அவர்களுக்கு அம்ரேஷ் சிங் எழுதுவது. நலம். நடந்ததை நினைத்து முதலில் மனம் கசந்தது உண்மை. ஆனால் பெண் என்ன பாவம் செய்தாள் என்று யோசித்தபோது மனம் இறங்கியது. அப்பாவின் கோபம் தணிய நாள் ஆகும். தயவுசெய்து அவரிடம் ஆள் அனுப்பிக் கிளற வேண்டாம். ஹோலி முடிந்ததும் நானே நேரில் வந்து என் மனைவியை மரியாதையாக அழைத்துச் செல்வேன். இது என் வாக்கு.*


சிம்ராஹா
6 நவம்பர் 1995

மாஸ்டர் சாகிபுக்கு,

அண்ணன் உங்கள் கடிதத்தை முற்றத்தில் எல்லோரையும் உட்கார வைத்துச் சத்தமாகப் படித்தார். "பாத்தியா, படிச்சவன் படிச்சவன்தான்" என்று ஜிலேபி வாங்கி வரச் சொன்னார். ஜீப் நின்றுவிட்டது. "என் மனைவியை மரியாதையாக" என்ற இடத்தை அண்ணி இரண்டாம் முறை படிக்கச் சொல்லி என்னைக் கிள்ளினாள். பொய் என்று தெரிந்தும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. எல்லோரும் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் நீங்கள் இன்னும் போகவில்லை என்று ஜுபைதா சொல்கிறாள். தினமும் பள்ளிக்கூடம் நடக்கிறதாம். எதற்காக இருக்கிறீர்கள்? எழுந்து நிற்பதைப் பார்த்தது போதாதா?

சாக்பீஸை வளையல் பெட்டியில் வைத்திருக்கிறேன். போங்கள்.

ரஞ்சு


குசும்பி
5 டிசம்பர் 1995

ரஞ்சுஜி,

போதாதா என்று கேட்டீர்கள். சுட்டது. ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான்.

இப்போது அவர்கள் எழுந்து நிற்கும்போது என்னால் பார்க்க முடிவதில்லை. அம்ரேஷ் சிங்குக்காக அல்லவா நிற்கிறார்கள். உட்காருங்கள், இனி நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறமும் தினமும் போய்க்கொண்டிருக்கிறேன், மழை நின்ற பிறகும். எனவே நான் உங்களுக்கு எழுதிய காரணம் பாதிதான் போலிருக்கிறது. மீதி என்ன என்று கண்டுபிடிக்க நேரம் இல்லை. மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை நேற்று முதன்முதலாக ஒரு பக்கம் முழுவதும் தடுக்காமல் படித்தாள். படித்து முடித்துவிட்டு, யாரோ வேறு ஆள் படித்தது போல என்னைப் பார்த்தாள். நான் போன மறுநாள் இந்தப் பள்ளியிலும் வைக்கோல் அடைப்பார்கள்.

நாளை போகிறேன். ஊருக்குப் போய் வருவதாக இங்கே சொல்லியிருக்கிறேன். இடம் ஜுபைதாவுக்கு மட்டும் தெரியும். அங்கே செங்கல் சூளை வேலை. அங்கே என் பெயர் பிசுன்தான், யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள்.

உங்களையும் அழைத்துப் போயிருக்க வேண்டும் என்று ஒருநாள் தோன்றியது. கேட்கிற உரிமை இல்லை என்று விட்டுவிட்டேன். இதை எழுதியிருக்கவும் கூடாது.

பிசுன்


சிம்ராஹா
17 ஜனவரி 1996

பிசுன்ஜிக்கு,

நீங்கள் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் கேட்டிருக்கலாம்.

அவசரமான விஷயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். உங்கள் அம்மாவை அந்த ஊரிலிருந்து உடனே அழைத்துக்கொள்ளுங்கள்.

சங்கராந்திக்கு மாப்பிள்ளைக்குத் தயிரும் அவலும் எள்ளு மிட்டாயும் அனுப்பும் வழக்கத்தை நான் மறந்தே போனேன். முதல் வருடம் அல்லவா, அண்ணன் புதுப் பானையில் தயிர் உறைய வைத்து, தானே ஜீப்பில் எடுத்துக்கொண்டு குசும்பிக்குப் போனார். நீங்கள் போன பிறகு பள்ளி பூட்டிக் கிடக்கிறது என்று மேலே புகார் போய், அதிகாரி வருகிறார் என்று அம்ரேஷ் சிங்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அண்ணன் போய், மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார். "எந்த மாப்பிள்ளை? நான்தான் அம்ரேஷ் சிங்" என்றாராம். தயிர்ப்பானை அங்கேயே உடைந்தது.

அண்ணனும் ஆட்களும் அவரை அடித்தார்கள். அவர் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. நல்ல மனசால் இல்லை. முசஹரைத் தன் பெயரில் அனுப்பினேன் என்று சொன்னால் அவர் வீடு திரும்ப முடியாது. யாரோ பாட்னா பையன், நம் ஜாதிதான், பெயர் சரியாக ஞாபகமில்லை என்றாராம். இந்தப் பொய் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது. அதனால்தான் அம்மாவை அழைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து அண்ணன் என் வளையல் பெட்டியைக் கொட்டினார். உங்கள் கடிதங்களையெல்லாம் அன்றன்றே எரித்துவிட்டேன். சாக்பீஸ் மட்டும் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. எங்கிருந்து இது என்று கேட்டார். நான் அதை எடுக்கக் கட்டிலுக்கு அடியில் கையை நீட்டினேன். அதிலிருந்து எனக்கு ஏதோ தெரியும் என்று கண்டுகொண்டார். என்னை வைக்கோல் அறையில் போட்டுப் பூட்டினார்கள். பூட்டுவதற்கு முன் அண்ணி என் தலையைத் தடவுகிற மாதிரி வந்து சாக்பீஸை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். ஏன் செய்தாள் என்று தெரியவில்லை. இந்தக் காகிதமும் பென்சிலும் அவள் ரொட்டிக்கு நடுவில் வைத்து அனுப்பியதுதான். ஜுபைதாவிடம் சேர்க்கிறேன் என்றாள்.

குளிருக்காக வைக்கோலைப் பிடுங்கிப் போர்த்திக்கொண்டபோது பின்னால் கரும்பலகை வந்தது. "சுதந்திர" என்ற பாதி வார்த்தை இன்னும் அதில் இருக்கிறது, எந்த வருடத்து ஆகஸ்டோ.

நேற்றுக் காலை அண்ணன் வந்தார். கத்தவில்லை. "ரஞ்சு, உன்னை ஒண்ணும் செய்ய மாட்டேன். அவன் பேரையும் ஊரையும் மட்டும் சொல்லு. வாயால சொல்ல வரலைன்னா எழுதிக் காட்டு" என்றார். சின்ன வயதில் என் வெட்கத்தைப் பார்த்து, எனக்கு வேண்டியதைத் தரையில் எழுதிக் காட்டச் சொல்வார். அதே குரல்.

நான் எழுந்து அவருக்கு முதுகைக் காட்டி நின்றேன். சாக்பீஸ் பலகையில் பட்டபோது சத்தம் கேட்டு அண்ணன் கிட்டே வந்தார். பெயரைத்தான் எழுதுகிறேன் என்று நினைத்து, ஒவ்வொரு எழுத்தாக என் தோளுக்கு மேல் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எழுதி முடிக்கும் வரை காத்திருந்தார். இந்த வீட்டில் நான் ஆரம்பித்த ஒன்றை முடிக்கும் வரை யாரும் காத்திருந்தது அது ஒரு தடவைதான்.

பலகையின் மேல் மூலையில் வாத்தியார்கள் எழுதுவது போல அன்றைய தேதியை எழுதினேன். அதற்குக் கீழே, வருகை: ஒருவர்.

அதற்கப்புறம் நடந்ததை எழுதவில்லை. இடது கையைத் தூக்க முடியவில்லை. நான் எழுதுவது வலது கையால்.

ரஞ்சு